மிதிரேகை

மருதாசலம் பெண்டாட்டியோடு சண்டை போட்ட மறுநாள் காலையில், சிங்காநல்லூர் ரயில் நிலையம் அவனைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டது. மூன்று வருடமாக அதே சைக்கிள், அதே சரிவுப்பாதை, அதே நுழைவாயில். பாதையில் ஏறி நாலு மிதி மிதித்தால் போதும், "வணக்கம் மருதாசலம், மூன்றாவது பெட்டி" என்று இனிக்க இனிக்கக் கூப்பிடும் குரல், அன்றைக்கு "இந்த மிதிரேகை பதிவில் இல்லை. தயவுசெய்து வழிவிடவும்" என்றது. பின்னால் நின்ற சைக்கிள்கள் அத்தனையும் மணியடிக்க ஆரம்பித்தன. யாரோ ஒருவர், "ஏனுங்க, நடந்து போறவங்களுக்கு அக்கட்டால ரோடு இருக்குதுங்க" என்று கரிசனமாகச் சொன்னார். மணிச்சத்தத்தைவிட அந்தக் கரிசனம்தான் அவனுக்கு எரிந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக மிதிரேகையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கோயம்புத்தூரில் ஒரு காலத்தில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் டிக்கெட் இருந்தது, வாங்காமல் போனார்கள். அட்டை வந்தது, ஒரே அட்டையில் குடும்பமே போயிற்று. முகத்தைப் பார்க்கும் கருவி வைத்தார்கள். முகூர்த்த நாட்களில் அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்த ஒருவரையும் அடையாளம் தெரியாமல் அது திகைத்து நின்றது. கடைசியாக இணைப் பயண வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். உலகத்தில் இரண்டு பேர் ஒரே மாதிரி சைக்கிள் மிதிப்பதில்லை என்று கண்டுபிடித்த ஒரு விஞ்ஞானியை அந்த வாரியம் கண்டுபிடித்தது. ஒருவருக்கு வலது முழங்கால் அவசரப்படும், இன்னொருவருக்கு இடது முழங்கால் சோம்பும், வேறொருவருக்கு இடுப்பு ஒரு பக்கம் சாயும். அதுதான் மிதிரேகை. வீட்டிலிருந்து மிதித்து வந்து, இறங்காமலேயே நுழைவாயிலைத் தாண்டி, ரயில் பெட்டிக்குள் சைக்கிளைக் கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். இறங்கிய இடத்தில் மறுபடி மிதித்துப் போய் பஸ்ஸைப் பிடித்தால், பஸ்ஸின் முதுகிலும் அதே கொக்கி. டிக்கெட் இல்லை, அட்டை இல்லை, சில்லறை இல்லை. காலே டிக்கெட்.

உள்ளதைச் சொன்னால், நல்ல திட்டம். நம் ஆட்கள் கையில் கிடைத்தது ஒன்றுதான் அதற்கு வந்த கேடு. திறந்து வைக்க வந்த மந்திரி, ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்துவிட்டுக் காரில் போய்விட்டார். அசையாத சைக்கிள்தான் மந்திரியின் மிதிரேகை என்று கருவி பதிந்துகொண்டது. அப்புறம் கொஞ்ச நாளைக்கு, டயர் பஞ்சராகி யார் நுழைவாயில் முன்னால் நின்றாலும் "வருக வருக, மாண்புமிகு அமைச்சர் அவர்களே" என்று கதவு திறந்தது. பொதுமக்கள் மட்டும் சளைத்தவர்களா? புதுச் சைக்கிளுக்குப் பூஜை போட்டு, சரிவுப்பாதையிலேயே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு பதிவுக்குப் போனார்கள். பழம் நசுங்கும் குலுக்கலும் மிதிரேகையில் சேர்ந்துவிட்டது. அவர்களெல்லாம் இன்றைக்கும் காலையில் பையில் இரண்டு பழத்தோடுதான் வேலைக்குக் கிளம்புகிறார்கள். நிலைய வாசலில் பழம் விற்பவர் மேலே ஒரு மாடி எழுப்பிவிட்டார்.

மருதாசலம் பழம் வைக்கவில்லை. பெண்டாட்டியை வைத்தான்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் அது. "எதத் தொடங்குனாலும் தம்பதியாப் போய்த் தொடங்கோணும்டா" என்று அவன் அம்மா சொல்லிவிட, கோகிலவாணியைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு பதிவுக்கு ஏறினான். மேஜையில் இருந்தவர் வாயில் பஜ்ஜியோடு, "சைக்கிள் ஒண்ணுதானே?" என்றார். "ஒண்ணுதானுங்க." "அப்ப பதிவும் ஒண்ணு" என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டார். இருவருக்கும் கணபதியில் ஒரே கிரைண்டர் கம்பெனியில் வேலை. அவன் அசெம்பிளி, அவள் கணக்கு. தினமும் டபுள்ஸ்தான். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அவனும் லீவு போடுவான். கம்பெனியில் பெண்டாட்டிதாசன் என்று கேலி செய்தார்கள். அவனும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டான். அவள் இல்லாமல் ஒரு தடவைகூடத் தான் அந்த நுழைவாயிலைத் தாண்டியதில்லை என்பது மட்டும் அவனுக்கு உறைக்கவே இல்லை.

சண்டை வந்த கதை சின்னது. துடியலூரில் அவள் அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கோகிலவாணிக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்தது. "இனி ரெண்டு பேருக்கும் ரெண்டு தெசை. எனக்குத் தனியா ஒரு சைக்கிளும் ஒரு பதிவும் வேணுமுங்க" என்றாள். "மிதிக்கறது நானு. நீ பின்னால சும்மா உக்காந்துட்டுத்தான வர்றே? அந்தச் சொகம் பத்தாதா?" என்றான் மருதாசலம். அவள் போய் அலமாரியைத் திறந்தாள். துணிமணியை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துத் துடியலூருக்குப் போய்விட்டாள்.

வாரியத்தின் உதவிப் பொறியாளர் ஷமீம் பானு பொறுமையான பெண்மணி. பழத்தோடு பதிந்தவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்த பொறுமை. மருதாசலத்தின் பதிவைத் திரையில் விரித்துப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பாதிதான் வந்திருக்கீங்க" என்றார்.

"முழுசாத்தானுங்க மேடம் வந்திருக்கறேன்!"

"உங்க கணக்குல முழுசு, எங்க கணக்குல பாதி. இங்க பாருங்க. கீழ ஓடுற கோடு உங்க கால். அது மேல இன்னொரு கோடு ஓடுது பாருங்க, அது உங்க வீட்டம்மா. திருப்பத்துல அவங்க இடது பக்கமா சாயறாங்க. வேகத்தடை வந்தா உங்க சட்டையைப் பிடிக்கறாங்க. பிரேக் போட்டா அவங்க நெத்தி உங்க முதுகுல வந்து முட்டுது. இதெல்லாம் சேர்ந்ததுதான் சார் மருதாசலம்."

"அப்ப நான் மட்டும் இருந்தா?"

"நீங்க மட்டும் யாருன்னு மெஷினுக்குத் தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

"வேற வழியே இல்லீங்களா?"

"பழசை ரத்து பண்ணிட்டுத் தனியாப் பதியலாம். ஆனா மெஷின் பழைய ரேகையை மறக்க ஒரு மண்டலம் ஆகும். நாற்பத்தெட்டு நாள். அதுவரைக்கும் ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. அதுக்கு நீங்க வீட்டம்மாவைச் சமாதானம் பண்றது சுலபம்."

"நீங்க என்ற ஊட்டம்மாவப் பாத்ததில்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.

சாலை வழியாகவே மிதித்துக் கம்பெனிக்குப் போனான். அங்கே இன்னொரு கூத்து. நுழைவாயில் பதிவுதான் கம்பெனிக்கு ஆஜர். ரயிலில் வராதவன் வராதவனே. கைநிறைய ஸ்குரூவோடு கிரைண்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனை மேனேஜர் நேருக்கு நேர் பார்த்து, "என்ன மருதாசலம், இன்னிக்கு வரலியாட்டம் இருக்குது?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. கையில் இருந்த திரையைக் காட்டி, "இதுல இல்லியே" என்று வருத்தப்பட்டார்.

பக்கத்து இருக்கைத் திருமூர்த்திதான் அவனுக்கு யோசனை சொல்லும் மந்திரி. "மெஷினுக்கு என்ன மாப்ள தெரியும்? பின்னால ஒரு கனம் வேணும், அவ்வளவுதான். அரிசி மூட்டையக் கட்டிட்டுப் போ" என்றான். கோகிலவாணியின் எடை எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தால் மருதாசலத்துக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு போனான். "உணவுப் பொருட்களுக்கான வாயில் இடது பக்கம்" என்றது குரல். மறுநாள் திருமூர்த்தியே சிநேகிதத்துக்காகக் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, பெண்பிள்ளை மாதிரி சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான். கதவு திறக்கவில்லை, வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் திருமூர்த்தி அப்புறம் நாலு நாளைக்கு மருதாசலத்தோடு பேசவில்லை.

இந்த இக்கட்டு மருதாசலத்துக்கு மட்டும் வந்ததல்ல. நல்ல நாள் பார்த்துத் தம்பதியாகப் போய்ப் பதிந்தவர்கள் ஊரில் ஏராளம். அடித்துக்கொண்டாலும் பிடித்துக்கொண்டாலும் காலையில் ஒரே சைக்கிளில் உட்கார்ந்தாக வேண்டும். குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குகள் பாதியாகக் குறைந்துவிட்டன. வாரியம் அதையும் தன் சாதனைகளில் சேர்த்து விளம்பரம் செய்தது. பிரிந்தே தீர வேண்டியவர்களுக்காக, நிலையத்துக்கு எதிரே டீக்கடை ஓரத்தில் கேரியர் ஆட்கள் என்று ஒரு தொழில் முளைத்திருந்தது. அதில் கைதேர்ந்தவர் பேபி அக்கா. எந்த வீட்டுப் பெண்மணி மாதிரியும் உட்கார்ந்து காட்டுவார்.

"சொல்லுங்க தம்பி. உங்க ஊட்டுக்காரி எப்படி உக்காருவா? வலது பக்கம் காலப் போடுவாளா, இடது பக்கமா? மடியில பைய வெச்சுக்குவாளா? வழியில பேசிட்டே வருவாளா, கம்முன்னு வருவாளா?"

மருதாசலம் தலையைச் சொறிந்தான். மூன்று வருடம் தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பேசிக்கொண்டு வந்தாளா? ஏதோ பேசிக்கொண்டுதான் வந்த மாதிரி இருந்தது. என்ன பேசினாள்?

"தெரியலீங்க அக்கா" என்றான். சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பறம் நான் எதைப் பாத்து உக்காருவேன்? சரி, வாங்க, சாமி விட்ட வழி" என்று பேபி அக்கா ஏறிக்கொண்டார். கதவு திறக்கவில்லை. திறக்காமல் போனதோடு விட்டதா? பக்கத்து வீட்டுச் சரோஜினி சரியாக அந்த நேரத்தில் அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். மருதாசலம் சரிவுப்பாதையை விட்டு இறங்கவில்லை, அதற்குள் மாமனாரிடமிருந்து போன் வந்துவிட்டது. "மாப்ள, கேரியர்ல யாருங்க அது?"

போனில் விளக்கிச் சொல்லக்கூடிய விஷயமா அது? பேபி அக்காவை இறக்கிவிட்டு, அப்படியே துடியலூருக்கு மிதித்தான். போய்ச் சேரும்போது சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் நிறையும் போல இருந்தது. மாமனார் "வாங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மாமியார் காபி கொடுத்தார், சர்க்கரை இல்லை. மறந்து போனதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கோகிலவாணி வந்து எதிரே நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"அந்தப் பேபி அக்கா சமாச்சாரம்..."

"அது எனக்குத் தெரியும். மூட்டையும் தெரியும், திருமூர்த்தி அண்ணன் உக்காந்ததும் தெரியும். எதுக்கு வந்தீங்கன்னு கேட்டேன்."

"உன்னக் கூட்டிட்டுப் போகத்தான். நீ இல்லாம ஊடு ஊடாவே இல்ல கோகிலா."

"ஊடு ஊடா இல்லீங்களா, இல்ல, ஸ்டேஷன் கேட்டு தொறக்கலீங்களா?"

"ரெண்டுந்தான்" என்றான் மருதாசலம். பொய் சொல்லத் தெம்பில்லை.

அவள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் குரல் இளகவில்லை. "நெசத்தச் சொன்னதுக்குச் சந்தோசமுங்க. இப்ப நான் வர்றேன்னே வெச்சுக்குங்க. நாளைக்குக் காலைல கேட்டு தொறக்கும், உங்களுக்குச் சந்தோசமா இருக்கும். அந்தச் சந்தோசம் நான் வந்ததுக்கா, கேட்டு தொறந்ததுக்கான்னு நான் எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

தனக்கே தெரியவில்லையே என்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. மூன்று வருடமாகத் தினமும் அந்தப் பெண்ணோடு போய் வந்திருக்கிறான்; அவள் வேண்டுமா, அவள் கனம் மட்டும் வேண்டுமா என்று ஒரு மெஷின் அவனைக் குழப்பிவிட்டது.

"நானில்லாம கேட்டு தொறக்கோணும்" என்றாள் கோகிலவாணி. "அதுக்குப் பொறவும் என்னக் கூட்டிட்டுப் போகோணும்னு தோணுச்சுன்னா வாங்க. தோணலீன்னா வர வேண்டாமுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

மறுநாளே ஷமீம் பானுவிடம் போய்ப் பழைய பதிவை ரத்து செய்தான். அவர் இரண்டு தடவை யோசிக்கச் சொன்னார். அவன் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அந்த ஒரு மண்டலம் முழுக்க மருதாசலம் வராதவனாகவே வேலை பார்த்தான். சம்பளம் இல்லை. மேனேஜர் அவன் செய்து முடித்த கிரைண்டர்களை எண்ணி எடுத்துக்கொண்டு, "நீ வந்துட்டா இன்னும் ஜாஸ்தி ஓடும்" என்று பெருமூச்சு விடுவார். மழையில் நனைந்தான், வெயிலில் காய்ந்தான், லாரிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது சட்டை இழுபடவில்லை. சைக்கிளை ஓரமாக நிறுத்தினான். அந்தச் சாலையில் நுழைவாயிலும் இல்லை, கதவும் இல்லை, அவனைத் தடுக்க யாருமே இல்லை. இருந்தும் அவன் கை பின்னால் போய் வெறும் கேரியரைத் தடவியது. அவனுக்கு இப்போது பதில் தெரிந்துவிட்டது. அதைப் போய்ச் சொல்ல நாள் இருக்கிறதே என்பதுதான் தாங்க முடியவில்லை.

மண்டலம் முடிந்து ஒரு சனிக்கிழமை தனியாகப் பதிந்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, நன்றாக முழுகி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சிங்காநல்லூர் நிலையத்தில் ஏறினான். "வணக்கம் மருதாசலம், மூன்றாவது பெட்டி" என்றது குரல். யாரும் மணியடிக்கவில்லை. கொக்கியில் சைக்கிளை மாட்டிவிட்டு உட்கார்ந்து, துடியலூர் வரை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மாமனார் வீட்டு வாசலில் மறந்துபோயிற்று. கோகிலவாணியைப் பார்த்ததும் வாயில் வந்தது இதுதான்:

"கேட்டு தொறந்துருச்சு கோகிலா. இனி எனக்கு உன்ற தயவு வேண்டியதில்ல. அதான் வந்தேன்."

உள்ளே மாமியார் கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழுந்தது. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். கோகிலவாணிதான் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மண்டலத்துச் சிரிப்பு.

"அப்பா, நீங்க உக்காருங்க. அவரு சரியாத்தான் சொல்றாரு" என்றாள். பிறகு இவன் பக்கம் திரும்பி, "ஆசுபத்திரி வேலைக்கு நான் போவேன். தனி சைக்கிள், தனிப் பதிவு" என்றாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம, பதிவு ஆபீஸ் லீவு. நாளைக்கு மொத வேலையாப் போய்ப் பண்ணிரலாம்."

"இருங்க, சேலை மாத்திட்டு வர்றேன்."

மாமியார் இந்தத் தடவை காபியில் இரண்டு பங்கு சர்க்கரை போட்டுக் கொடுத்தார். பையை ஹேண்டில்பாரில் மாட்டி, கோகிலவாணியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு, துடியலூர் நிலையத்துச் சரிவுப்பாதையில் நாலு மிதி மிதித்தான் மருதாசலம். அப்போதுதான் குரல் வந்தது.

"மருதாசலம் அவர்களே, உங்கள் மிதிரேகையில் அடையாளம் தெரியாத சுமை கலந்துள்ளது. சுமையை இறக்கிவிட்டு மீண்டும் முயலவும்."

அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னான். தனியாகப் பதிந்தால் தனியாகத்தான் போக வேண்டும் என்பது, அத்தனை நாள் மிதித்தும் அவன் மண்டையில் ஏறவில்லை. பின்னால் மணிகள் ஆரம்பித்துவிட்டன.

"மூன்றாவது பெட்டி தயாராக உள்ளது. அடையாளம் காணப்பட்ட பின் சுமையை இறக்காமல் பாதையில் திரும்புவோரின் பதிவு ரத்து செய்யப்படும். மறுபதிவுக்கு ஒரு மண்டலம்."

கோகிலவாணி மெதுவாகச் சொன்னாள். "நான் எறங்கிக்கறனுங்க. நீங்க ரயில்ல போங்க, நான் ஆட்டோவுல வந்தர்றேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் சொன்னது நியாயம். ஒரு மணி நேரம் பிரிந்து போனால் என்ன முழுகிவிடும்? சம்பளம் இல்லாமல், மழையில் நனைந்து, வராதவனாக உழைத்துச் சம்பாதித்த பெயர் அது, நேற்றுத்தான் கிடைத்தது. ஆனால் அந்தக் குரல் அவளைச் சுமை என்று சொன்னதும், அவளே அதை ஒத்துக்கொண்டு இறங்கப் போனதும் மருதாசலத்துக்குப் பொறுக்கவில்லை.

"உக்காரு கோகிலா" என்றான். ஹேண்டில்பாரைத் திருப்பி, மணியடித்த அத்தனை சைக்கிளுக்கும் நடுவே கீழே இறங்கினான்.

"மருதாசலம், உங்கள் பதிவு ரத்து செய்யப்பட்டது. பயணம் இனிதாகட்டும்" என்றது குரல்.

இருவரும் மேட்டுப்பாளையம் சாலைக்கு வந்தார்கள். பக்கத்தில் ரயில் அவர்களைத் தாண்டிப் போயிற்று. நாளையிலிருந்து மறுபடி அவன் வராதவன். மேனேஜரின் பெருமூச்சு இப்போதே காதில் கேட்டது. முதல் மேம்பாலத்தின் ஏற்றத்திலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது.

"சிங்காநல்லூரு எவ்வளவு தூரமுங்க?"

"பதினேழு கிலோமீட்டரு இருக்கும்."

"சரி, நிறுத்துங்க. எறங்கிப் பின்னால உக்காருங்க. பாதி தூரம் நான் மிதிக்கறேன்."

"என்னய வெச்சா? பாலம் கண்ணு, ஏத்தம். டபுள்ஸ் மிதிக்கோணும்னா பழக்கம் வேணும்."

கோகிலவாணி இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் கையிலிருந்து ஹேண்டில்பாரை வாங்கினாள்.

"காலேஜு முடியற வரைக்கும் என்ற தங்கச்சியக் கேரியர்ல வெச்சு இந்த ரோட்டுலதான் மிதிச்சேன். மூணு வருசமாப் பின்னால உக்காந்து அந்தக் கதையத்தான் சொல்லிட்டு வந்தனுங்க. உங்க காதுல விழுகல."

மருதாசலம் ஏறி உட்கார்ந்தான். "இப்பச் சொல்லு" என்றான்.